ராமநாதபுரம் கரையில் குடும்பத்தோடு படகும் தூண்டிலும்: காற்றைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்

கேள்வி இது: "மதுரையில் இருக்கிறோம். நான், மனைவி, பதினொன்றும் ஏழும் வயதான இரண்டு பிள்ளைகள், முட்டிவலி உள்ள அம்மா, தூண்டில் பைத்தியமான அப்பா. ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஏதாவது ஒரு ஆற்றில் படகிலோ காற்றடைத்த மிதவையிலோ மெதுவாக மிதந்து போய், மீன் பிடித்து, பிடித்ததைச் சமைத்துச் சாப்பிட்டு வர இரண்டு நாள் திட்டம் போட முடியுமா? எந்த மாதம் நல்லது? சொந்தத் தூண்டில் கொண்டு வரலாமா?"

இரண்டு நாள் தாராளமாகப் போடலாம். படகு உண்டு, தூண்டில் உண்டு, சாப்பாட்டுக்குக் குறைவே இருக்காது. ஆறு மட்டும் கிடையாது.

வரைபடத்தில் வைகை நீலக் கோடாக ராமநாதபுரம் தாண்டி வந்து, ஆற்றங்கரை என்ற ஊரில் கடலைத் தொடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோட்டை நம்பி மிதவை வாங்கிவிடாதீர்கள். வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் வரும் வைகை, பெரும்பாலான வருடங்களில் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு முடிந்துவிடும். கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் மிச்சத் தண்ணீர் கடல் பக்கம் எட்டிப் பார்க்கும். அதுவும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில். அந்த நேரத்து ஆறு மிதப்பதற்கு ஆனதில்லை. கருவேல முள்ளும் சேறும் அடித்துக்கொண்டு வரும், மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று உள்ளூர்க்காரருக்கே தெரியாது. மற்ற மாதங்களில் ஆற்றுக்குள் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். தெற்கே மூக்கையூர்ப் பக்கம் கடலுக்கு வரும் குண்டாற்றின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

ஆனாலும் ஆற்றங்கரை, அழகன்குளம் பக்கம் ஒரு மாலை நேரம் போய் வரலாம். வைகை முகத்துவாரத்தை ஒட்டிய அழகன்குளம் பழைய துறைமுகம். அகழாய்வில் ரோமானியக் காசுகளும் மதுச்சாடி ஓடுகளும் கிடைத்த ஊர். மூத்த பிள்ளைக்குப் பள்ளிப் பாடத்தில் வரும் விஷயம்தான், நேரில் பார்த்தால் மனதில் நிற்கும். முகத்துவாரத்தில் நிற்கும் தண்ணீர் பெரும்பாலும் கடல் தண்ணீர்தான். அப்பாவின் தூண்டிலுக்கு அது நல்ல இடம். அதைப் பிறகு சொல்கிறேன்.

இங்கே திட்டம் போடுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது காற்று. ராமநாதபுரத்துக்கு இரண்டு கடல். மண்டபம் முனைக்கும் ராமேசுவரம் தீவுக்கும் வடக்கே இருப்பது பாக் விரிகுடா, எங்கள் பேச்சில் வடகடல். தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா, தென்கடல். வடகடல் ஆழம் குறைந்தது, சேறும் கடற்புல்லும் நிறைந்தது. தென்கடல் பவளப்பாறையும் தீவுகளும் உள்ளது, கரையைத் தாண்டினால் ஆழம் கூடிக்கொண்டே போகும். ஐப்பசியில் தொடங்கித் தை வரைக்கும், சில வருடம் மாசி பாதி வரைக்கும், வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று அடிக்கும். அப்போது வடகடல் கலங்கிக் குமுறும், தென்கடல் கரையோரம் அடங்கிக் கிடக்கும். வைகாசி தொடங்கிப் புரட்டாசி முன்பாதி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று. அப்போது தென்கடல் பொங்கும், வடகடல் தட்டில் ஊற்றிய பால் மாதிரி இருக்கும். ஒரு கரை சரியில்லை என்றால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வண்டியில் போய் மறு கரையைப் பிடித்துவிடலாம். மண்டபத்தில் நடந்தே போய்விடலாம். தமிழ்நாட்டில் இந்த வசதி அபூர்வம். அதனால் "எந்த இடம்" என்று முதலிலேயே முடிவு செய்யாதீர்கள். வந்து இறங்கிய அன்று கரையில் வலை சரிசெய்துகொண்டிருக்கும் யாரையாவது பார்த்து, "அண்ணே, இன்னைக்குக் காத்து எங்கிட்டு இருந்து?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில் உங்கள் இடம் வந்துவிடும்.

இதில் ஒரு சூது இருக்கிறது. நீங்கள் காற்றடைத்த மிதவை என்று எழுதியிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு கரை அமைதியாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிறது என்றுதான் அர்த்தம். ஆடி மாதம் வடகடல் கரையில் உள்ள அரியமானிலோ பிரப்பன்வலசையிலோ நின்றால் அலையே இருக்காது, தண்ணீர் முழங்காலுக்குத்தான் இருக்கும், பிள்ளைகளை விட்டுவிட்டு உட்காரலாம் போலத் தோன்றும். அந்த நேரத்தில் ஒரு ரப்பர் டியூப்பையோ காற்றடைத்த படுக்கையையோ தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கச்சான் அதைத் தள்ளிக்கொண்டு வடக்கே போய்விடும். நீந்திப் பிடிக்கப் போகிறவரும் கூடவே போவார். உட்கார்ந்திருப்பது குழந்தை என்றால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. இந்தக் கரையில் காற்றடைத்த எதுவும் வேண்டாம். வேண்டவே வேண்டாம் என்றால் பிள்ளை கேட்காது என்பவர்கள், இருபதடி கயிற்றில் கட்டி, கயிற்றின் மறுமுனையை ஒரு பெரியவர் இடுப்பில் கட்டிக்கொண்டு, அவரும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றால் மட்டும் அனுமதியுங்கள்.

மாதம் என்று கேட்டால், மாசிப் பாதியிலிருந்து சித்திரைத் தொடக்கம் வரை முதல் தரம். வாடை ஓய்ந்திருக்கும், கச்சான் எழுந்திருக்காது, இரண்டு கடலும் கைக்கு வரும். தண்ணீரும் தெளிந்திருக்கும். அடுத்தது புரட்டாசிப் பின்பாதி, காலாண்டு விடுமுறைக்கு ஏறக்குறையப் பொருந்தும். அரையாண்டு விடுமுறையில் வருவதென்றால் மழைக்கும் புயலுக்கும் தயாராக, தென்கடலை மட்டும் நம்பி வாருங்கள். முழுப்பரீட்சை லீவில் வெயில் மண்டையைப் பிளக்கும். காலை ஆறிலிருந்து ஒன்பது வரை மட்டும் தண்ணீர், பிறகு நிழல் என்று வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுகள் போய்வரும். கரையில் கூட்டம் குறைவாக இருக்கும், மீன் விலை மட்டும் ஏறியிருக்கும். ஆடி அமாவாசை, தை அமாவாசையை ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். ராமேசுவரம், சேதுக்கரை, தேவிபட்டினம் மூன்றிலும் தர்ப்பணக் கூட்டத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

சரி, மிதந்து போகிற ஆசைக்கு வருவோம். நீங்கள் நினைக்கிற ஆற்றுப் பயணத்துக்கு மிக அருகில் வருவது காரங்காடு. தேவிபட்டினம் தாண்டித் தொண்டி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், திருவாடானை வட்டத்தில் இருக்கிறது. செங்கோல் மாதா கோயில் உள்ள மீனவ கிராமம். அங்கே ஓடை கடலில் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு வளர்ந்து நிற்கிறது. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். துடுப்புப் போட்டு நாமே போகும் கயாக்கும் உண்டு. உயிர்காப்பு உடை தந்து, ஓட்டத் தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவர் கூட வருவார். அம்மாவுக்கு இதுதான் சரியான இடம். அலை ஆட்டாது, படகில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் பார்க்கலாம். ஏறும் இறங்கும் இடத்தில் மட்டும் இருவர் கை கொடுங்கள். முட்டிவலிக்காரர்கள் படகுக்குள் குதிக்கக் கூடாது. படகின் விளிம்பில் முதலில் உட்கார்ந்து, பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்துப் போட வேண்டும்.

காட்டுக்குள் நுழைந்ததும் படகோட்டியிடம் எந்திரத்தைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் பென்சில் நட்டுவைத்ததுபோல் மேல்நோக்கி நிற்பவை அலையாத்தியின் மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று கிடையாது என்பதால் வேர் மேலே வந்து மூச்சு விடுகிறது. நீர் வற்றியிருந்தால் அந்த வேர்களுக்கு நடுவே, ஒரு கை மட்டும் உடம்பளவுக்குப் பெரிதான சின்ன நண்டுகள் அந்தக் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிடுவதைப் பார்க்கலாம். கிளை கைக்கு எட்டினால், பறிக்காமல், இலையின் மேல்பக்கத்தை விரலால் தடவி அந்த விரலை நாக்கில் வைக்கச் சொல்லுங்கள். உப்புக் கரிக்கும். வேர் இழுத்த உப்பை இலை வழியாக வெளியே தள்ளும் மரம் அது. என் வீட்டுக்கு விருந்தாளியாக வரும் பிள்ளைகளுக்கு இதைக் காட்டாமல் விடமாட்டேன். ஏழு வயசுக்காரர் ஊருக்குப் போய்ச் சொல்லப்போவது இதைத்தான், பாம்பன் பாலத்தை அல்ல.

காரங்காட்டில் முன்கூட்டிச் சொல்லிவைத்தால் ஊர்ப் பெண்கள் மீன், நண்டு, கணவாய் என்று சமைத்துத் தருவார்கள். ராமநாதபுரம் குண்டு மிளகாய் போட்டு அரைத்த குழம்பு, பிள்ளைகளுக்குக் காரம் தனியாகச் சொல்லிவிடுங்கள். காற்று, மழை எச்சரிக்கை இருந்தால் படகு விடமாட்டார்கள், கிளம்பும் முன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் முதல் ஆளாகப் போவது நல்லது. பறவைகள் அப்போதுதான் அசையும். இன்னொன்று, அலையாத்திக்குள் தூண்டிலை எடுக்காதீர்கள். மீன்குஞ்சும் இறால் குஞ்சும் வளரும் தொட்டில் அது, வனத்துறை இடமும்கூட.

தூண்டிலுக்கு வேறு இடம் பார்ப்போம். கரையில் நின்று போடுவதுதான் குடும்பத்துக்குத் தோது. தேவிபட்டினத்துக்கும் மண்டபத்துக்கும் இடையே வடகடல் கரையில் மணல் மேடும் கடற்புல் தரையும் மாறி மாறி வரும். முழங்கால் தண்ணீரில் நின்று வீசினாலே கிழங்கான் கிடைக்கும். மண்ணைக் கிளறித் தின்னும் மெலிந்த வெள்ளை மீன், முள் குறைவு, பிள்ளைகளுக்கு முதல் மீனாக அமைவது பெரும்பாலும் அதுதான். புல் தரைப் பக்கம் ஓரா, விளமீன். காலையில் மேல்மட்டத்தில் முரல். கொடுவா வேண்டுமென்றால் முகத்துவாரம்தான், நீர் ஏறும் நேரம், உயிர் இரை. அதற்குப் பொறுமை வேண்டும். அப்பாவை ஆற்றங்கரையில் ஒரு குடையோடும் பிளாஸ்க்கோடும் விட்டுவிட்டு மற்றவர்கள் வேறு வேலை பார்க்கலாம். மடவை துள்ளித் துள்ளிக் காட்டிவிட்டுத் தூண்டிலுக்கு வராமல் போகும், அதற்கு வீச்சு வலைதான். வீச்சு வலைக்காரர் யாராவது பக்கத்தில் நின்றால் அவரைப் பார்ப்பதே ஒரு பொழுது. வலை விரிந்து வட்டமாகத் தண்ணீரில் விழும்போது பிள்ளைகள் கைதட்டுவார்கள், மீன் கலைகிறதே என்று அவர் முறைப்பார்.

பிள்ளைகளுக்கு விலை கூடிய தூண்டில் கோல் வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் 0.40 மில்லிமீட்டர் தூண்டில் நரம்பு (நைலான் இழை) ஐம்பது மீட்டர் சுற்றுங்கள். நுனியில் சின்ன ஈயக்குண்டு, அதற்கு மேலே ஒரு சாண் தள்ளி ஒரு கிளை நரம்பில் ஒரே ஒரு சின்னத் தூண்டில் முள். முள்ளின் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிடுங்கள். மீன் ஒன்றிரண்டு தப்பும், ஆனால் விரலில் ஏறினால் வந்த வழியே உருவிவிடலாம். இரைக்குச் சந்தையில் வாங்கிய இறாலை உரித்துத் துண்டு போட்டாலும் போதும். கணவாயை நீள நாடாவாக வெட்டினால் இன்னும் மேல், நண்டு கொத்தினாலும் முள்ளை விட்டுப் போகாது. நரம்பை விரலில் சுற்றிக்கொள்ளக் கூடாது, இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பாட்டிலை இடது கையில் பிடித்து, நரம்பை வலது கை ஆள்காட்டி விரலின் மேல் சும்மா கிடத்த வேண்டும். கிழங்கான் கொத்தினால் விரலில் டொக், டொக் என்று இரண்டு தட்டு வரும். முதல் தட்டுக்கு இழுத்தால் ஒன்றும் இருக்காது. இரண்டாவதற்கு மணிக்கட்டை மட்டும் மெதுவாகத் தூக்கினால் மீன் மாட்டியிருக்கும். விரல் நீளத்துக்குக் குறைந்த குஞ்சுகளை, கையை நனைத்துக்கொண்டு பிடித்து, திரும்ப விடச் சொல்லுங்கள்.

கையில் வந்ததையெல்லாம் பிடித்துவிடாதீர்கள். கெளுத்திக்கு முதுகிலும் இரண்டு பக்கத்திலும் முள். ஓராவின் முதுகு முள் சின்னதுதான், குத்தினால் கை முழுக்கக் கடுக்கும். திருக்கை மணலுக்குள் படுத்திருக்கும், மிதித்தால் வாலைச் சுழற்றும். அதனால் தண்ணீரில் காலைத் தூக்கி வைத்து நடக்காமல், மணலைத் தேய்த்துக்கொண்டே நடக்க வேண்டும். அதிர்வு தெரிந்தால் அது விலகிப் போய்விடும். இதில் எது குத்தினாலும் முதல் வைத்தியம் சுடுதண்ணீர். தாங்கக்கூடிய சூட்டில் அரைமணி நேரத்துக்கு மேல் காலையோ கையையோ முக்கிவைத்தால் வலி அடங்கும். தாங்குகிற சூடா என்று குத்துப்படாத கையை விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், வலியில் சூடு தெரியாது. முள் உடைந்து உள்ளே இருந்தாலும், நெஞ்சு, வயிறு பக்கம் பட்டாலும் உடனே ஆஸ்பத்திரி. காபிக்கு என்று கொண்டுவரும் பிளாஸ்க்கில் ஒன்றை இதற்காக வைத்துக்கொள்ளுங்கள். சொறி (ஜெல்லிமீன்) பட்டால் கடல் தண்ணீரால் கழுவுங்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், மணலால் தேய்க்காதீர்கள். பேத்தை என்று ஒரு மீன் மாட்டும், கையில் எடுத்ததும் பந்துபோல ஊதிக்கொள்ளும். பிள்ளைகளுக்குச் சிரிப்பாக இருக்கும், பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். அதன் ஈரலிலும் சினையிலும் இருக்கும் விஷம் எவ்வளவு வேகவைத்தாலும் போகாது.

படகில் போய்த் தூண்டில் போட வேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடித்தால் இரண்டு வார்த்தை. மீன்பிடிக்கப் பதிவான படகு பயணிகளை ஏற்றுவதற்கு உள்ளதல்ல. கரையில் யாராவது "வாங்க சார், ஒரு ரவுண்டு" என்று கூப்பிட்டதும் குடும்பத்தோடு ஏறிவிடாதீர்கள். சுற்றுலாவுக்கென்று அனுமதி பெற்ற படகா, ஆளுக்கொரு உயிர்காப்பு உடை இருக்கிறதா, பிள்ளைகள் அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரியவர் உடையைக் குழந்தைக்குப் போட்டால் தண்ணீரில் விழுந்ததும் உடை மேலே வரும், குழந்தை கீழே நழுவும். இரண்டு தோளையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், காதுக்கு மேல் ஏறினால் அது அந்தப் பிள்ளைக்கு ஆனதில்லை. கரையோரத் தெர்மாகோல் மிதவைகளில் தனியாளாகத் துடுப்புப் போட்டுப் போகிறவர்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், அது அவர்கள் பிழைப்பு, பல வருடப் பழக்கம். கரை கண்ணில் தெரிகிற தூரத்தைத் தாண்ட வேண்டாம். இந்தப் பக்கம் சர்வதேசக் கடல் எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மீனவர்களே மாட்டிக்கொள்கிற கோடு அது, உல்லாசப் பயணம் போகிறவர்களுக்கு அங்கே வேலை இல்லை. ஆதார் அட்டையைக் கையில் வைத்திருங்கள், மரைன் போலீஸ் கேட்பார்கள். கடலோரக் காவல் குழுமத்தின் இலவச எண் 1093, இந்தியக் கடலோரக் காவல் படைக்கு 1554. இரண்டையும் போனில் பதிந்துவையுங்கள்.

வடகடல் கரையோரம் மூங்கில் சட்டங்கள் வரிசையாக மிதப்பதைப் பார்ப்பீர்கள். கடல்பாசி வளர்க்கும் மிதவைகள், பல வீட்டுப் பெண்களின் வருமானம். அவற்றின் பக்கம் தூண்டில் வீசினால் நரம்பும் அறும், பாசியும் அறும். நண்டு வலைக்கு அடையாளமாக மிதக்கும் தெர்மாகோல் கட்டைகளையும் சுற்றிப் போக வேண்டும்.

வாடைக்காலத்தில் வருகிறீர்கள் என்றால் தென்கடல். பாம்பன் குந்துகாலில், 1897 ஜனவரியில் விவேகானந்தர் வந்து இறங்கிய இடத்தில் நினைவு மண்டபம் இருக்கிறது, கரையும் அமைதி. அங்கிருந்து பார்த்தால் குருசடைத் தீவு தெரியும். ராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை நீளும் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். இந்தத் தீவுகளில் நாமாகப் போய் இறங்கக் கூடாது. வனத்துறை விடும் படகு இருந்தால் அதில் மட்டும் போங்கள். பவளப்பாறையைச் சுற்றித் தூண்டில், வலை, மிதிப்பது எதுவும் கூடாது.

கரையில் கிடைப்பதைப் பொறுக்கும் பழக்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. உடைந்த கிளிஞ்சல் போகட்டும். பவளத் துண்டு, காய்ந்த கடல் குதிரை, கடல் அட்டை இவற்றைத் தொடக் கூடாது, யாராவது விற்றாலும் வாங்கக் கூடாது. கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, புலிக்கு உள்ள அதே பட்டியல். தெரியாமல் பையில் போட்டேன் என்று சொன்னால் கேட்கமாட்டார்கள். ஆமையோ கடல் பசுவோ வலையிலோ கரையிலோ சிக்கிக் கிடந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

இரண்டு நாளை இப்படி வைத்துக்கொள்ளலாம், மாசி பங்குனி என்று எடுத்துக்கொள்கிறேன். மதுரையில் விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால், பரமக்குடி வழியாக ராமநாதபுரம் வந்து காபி குடித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் காரங்காடு போய்விடலாம். படகு, மதியச் சாப்பாடு அங்கேயே. சாப்பிட்டதும் அம்மாவுக்கு ஓய்வு வேண்டும். ராமநாதபுரத்தில் அறை எடுங்கள், ராமேசுவரத்தை விட வாடகையும் இரைச்சலும் குறைவு, இரண்டு கடலுக்கும் நடுவில் இருக்கிறது. மாலை நாலரைக்கு ஆற்றங்கரையில் அப்பாவின் தூண்டில். இருட்டுவதற்குள் கிளம்பிவிடுங்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு அரியமான் அல்லது பிரப்பன்வலசையில் பிள்ளைகளின் பாட்டில் தூண்டில், ஒன்பது வரை. பிரப்பன்வலசையில் சொல்லிக்கொடுத்துக் கயாக் விடுகிறார்கள், மூத்த பிள்ளைக்குப் பிடிக்கும். வெயில் ஏறியதும் மண்டபம். 1947-ல் தொடங்கிய மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் முன்பு மண்டபத்தில்தான் இருந்தது, பிறகுதான் கொச்சிக்குப் போனது. அங்கே மீன் காட்சியகம் இருக்கிறது. காலையில் பிடித்த மீனின் அண்ணன் தம்பியை உயிரோடு பார்க்கலாம். பாம்பனில் புது ரயில் பாலத்தைப் பார்த்துவிட்டு, தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுக்கிறார்களா என்று விசாரியுங்கள். இழுத்தால் கேட்டுக்கொண்டு கயிற்றில் கை போடலாம், வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். பிள்ளைகளுக்கு இரண்டே நிமிடத்தில் உள்ளங்கை சிவந்துவிடும், அவர்கள் இரண்டு மணி நேரம் இழுப்பார்கள். வலையின் மடி (மீன் சேரும் பை) கரைக்கு வந்ததும் அங்கேயே மீன் வாங்குங்கள், பேரம் பேசாமல். தனுஷ்கோடிக் கடலில் குளிக்க மட்டும் இறங்காதீர்கள், சுழி இழுக்கும் கரை.

பிடித்ததைச் சமைப்பது பற்றி. அலையாத்திப் பக்கமும் வனத்துறை இடங்களிலும் அடுப்பு மூட்டக் கூடாது. திறந்த கரையில் மூட்டினாலும் காற்றில் மணல்தான் வெந்து வரும். பக்கத்து மீனவக் குடியிருப்பில் மரியாதையாகக் கேட்டால் சமைத்துத் தரும் வீடுகள் உண்டு. கூலியை முன்னாலேயே பேசி, அரிசி, எண்ணெய் செலவையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். நாலு கிழங்கானை வைத்துக்கொண்டு ஆறு பேர் சாப்பிட முடியாது என்பதால், வழியில் ஒரு கிலோ பாறை மீனோ மாவுலா மீனோ வாங்கிக்கொண்டு போவது புத்திசாலித்தனம். பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம். குடிதண்ணீர் இருபது லிட்டர் கேன் வண்டியில் இருக்கட்டும். இது தண்ணிக் கஷ்டம் உள்ள மாவட்டம், கரையோர ஊர்களில் குடம் விலைக்கு வாங்குகிறார்கள், அவர்களிடம் கேட்டு நிற்க வேண்டாம். கழிவறை காரங்காடு, அரியமான் போன்ற இடங்களில்தான் நம்பிக்கையாகக் கிடைக்கும், அம்மாவை உத்தேசித்து அதற்கேற்ற மாதிரி நிறுத்தங்களைப் போடுங்கள். எல்லாருக்கும் பின்பட்டை உள்ள ரப்பர் செருப்பு, முழுக்கை பருத்திச் சட்டை, தொப்பி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்.

காற்று மாறினாலோ, பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறினாலோ, "மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்ற அறிவிப்பு வந்தாலோ, கரை எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் தண்ணீர்ப் பக்கம் திட்டத்தை அப்படியே விட்டுவிடுங்கள். அன்றைக்குக் கண்மாய்ப் பக்கம் திரும்பலாம். வாடைக்காலத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களில் நாரையும் கூழைக்கடாவும் வந்து கூடு கட்டியிருக்கும். கீழக்கரை வழியாகத் திரும்பினால் தொதல் வாங்கிக்கொண்டு போகலாம், தேங்காய்ப்பாலில் கிண்டிய அல்வா மாதிரிப் பண்டம், நாலைந்து நாள் தாங்கும்.

சொந்தத் தூண்டில் கொண்டு வரலாம், கரையில் நின்று போட யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். குளத்துக்கும் அணைக்கும் வாங்கிய ரீல் என்றால், தினமும் சாயங்காலம் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மதுரை போய்ச் சேருவதற்குள் உப்பு பிடித்து இறுகிவிடும். அறுந்த நரம்பைக் கரையில் போட்டுவிட்டு வராமல் சுருட்டி எடுத்துக்கொண்டு போங்கள், கரையில் நடக்கும் கொக்கு, நாரையின் காலில் சுற்றிக்கொள்ளும். முள், ஈயக்குண்டு, நரம்பு எது தீர்ந்தாலும் மண்டபத்திலும் பாம்பனிலும் வலைச்சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். எந்த மீனுக்கு எந்த முள் என்று கேட்டு வாங்குங்கள், கடைக்காரர் முள்ளோடு சேர்த்து இன்றைக்கு எங்கே மீன் கடிக்கிறது என்பதையும் சொல்லி அனுப்புவார்.